மறு: பண்ணை வீட்டு நிதி - முதலில் கூரை

எல்லாருக்கும் வணக்கம்.

லீவில் போனபோது பண்ணை வீட்டுக்குள் ஒரு மணி நேரம் சுற்றினேன். வீட்டைச் சீரமைக்க நிதி கேட்டு வந்த மடலில் 'முகப்பு வளைவு, சுற்றுச்சுவர்' என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சுவர் நிற்கிறது. இரண்டடி கனம், சுண்ணாம்புக் காரை. போனது கூரைதான். மூலையில் பத்துப் பதினைந்து ஓடு சரிந்து, அந்த வழியாக இறங்கிய மழை உத்தரத்தின் முனையை, சுவருக்குள் பதிந்த இடத்தில், இற்றுப்போக வைத்திருக்கிறது. நடுவில் தட்டினால் கணீரென்கிறது. முனையில் சாவியைக் குத்தினால் பொதுக்கென்று இறங்குகிறது. அதற்குமேல் மச்சில் ஏறினேன் என்று மட்டும் சின்ன மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

வெடிப்பில் அரசங்கன்று. மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுக்கணும். போன தடவை பழுது பார்த்தபோது சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். உள் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று கிடக்கிறது. ரசீது எங்கே என்று மாமா கேட்கட்டும்; யார் சொல்லிப் பூசினார்கள் என்பதுதான் என் கேள்வி.

'160 வருடப் பாரம்பரியம்' என்று நோட்டீஸ் அடித்த அண்ணனுக்கு: ஓட்டில் இருக்கும் 1865, மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டு ஆலை தொடங்கிய வருடம். பிற்காலத்து ஓடுகளிலும் அதே முத்திரைதான். வீடு தாத்தா கட்டியது. அதில் என்ன குறைச்சல்?

கிணற்றில் தூர்வார ஆள் பேசியாச்சாமே? நிறுத்துங்கள். கரியமில வாயு காற்றைவிடக் கனம், பாழுங்கிணற்றின் அடியில் தேங்கி நிற்கும். விளக்கை இறக்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள். விளக்கு எரிந்தாலும் விஷவாயு இருக்கலாம். வாயு அளக்கும் மானி வைத்துப் பார்க்காமல் ஒருத்தரும் இறங்கக் கூடாது.

நெல் கொட்டி வைக்கும் மண் குதிர் பாதி கரைந்துவிட்டது. சின்ன வயதில் அதற்குள் ஒளிந்து நான் தூங்கிப்போக, அத்தை ஊரெல்லாம் தேடி அழுதார். அந்த அத்தையைக் கடைசிவரை எட்டிப் பார்க்காதவர்கள்தான் இப்போது வளைவில் பெயர் கேட்கிறார்கள்.

ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் என்றால் நாளைக்கே என் பங்கை அனுப்புகிறேன். வளைவுக்கு என்றால் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.

படங்கள் 14 இணைத்திருக்கிறேன். ஒன்பதாவதில் நிலை இருக்கிறது, கதவு இல்லை. கதவு யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்று தெரிந்தவர்கள் தனி மடல் போடவும்.