கிராங்க் கழற்றும்முன் வாஷரைத் தேடுங்கள்

சதுர ஆக்சில் சைக்கிளில் கிராங்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கும் கையை, கழற்றும்போது அதன் மரை கிழிகிறதென்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது வாஷரைத்தான். போல்ட்டோடு அதுவும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். பழைய கிரீஸும் மண்ணும் பிடித்து அது குழிக்குள்ளேயே ஒட்டியிருக்கும்; பார்வைக்கு ஆக்சில் முனை மாதிரியே கறுப்பாகத் தெரியும். கிராங்கின் மரையில் மாட்டி, நடுத்தண்டால் ஆக்சிலைத் தள்ளிக் கிராங்கை வெளியே இழுக்கும் கருவிதான் புல்லர். அதன் முனை வாஷரில் முட்டினால், தள்ளுவதும் கிராங்கைத்தான், இழுப்பதும் கிராங்கைத்தான். நடுவில் அலுமினிய மரை உரிந்துகொண்டு வரும். டார்ச் அடித்துப் பாருங்கள், சின்ன ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுங்கள்.

போல்ட்டுக்கு 14 மி.மீ. சாக்கெட் அல்லது 8 மி.மீ. ஆலன் கீ. இடது பெடல் இடமரை என்பதால் இடது கிராங்க் போல்ட்டையும் எதிர்ப்பக்கம் திருப்புகிறவர்கள் உண்டு. வேண்டாம். இரண்டு பக்கமும் சாதா மரைதான்.

*

மேலே சொன்னதோடு இன்னொன்று. புல்லரின் நடுத்தண்டை முழுசாகப் பின்னால் சுற்றி எடுத்த பிறகுதான் அதன் உடலைக் கிராங்கின் மரையில் மாட்ட வேண்டும். தண்டு கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தாலும் ஆக்சிலில் முட்டிக்கொள்ளும். உடல் இரண்டு மூன்று சுற்றிலேயே நின்றுவிடும். ‘இறுகிவிட்டது’ என்று ஏமாந்து முறுக்கினால் மொத்த விசையும் அந்த இரண்டு சுற்று மரை மேல். பழைய பல் பிரஷ், மண்ணெண்ணெய் போட்டு மரையைத் துடைத்துவிட்டு, கையாலேயே கடைசிவரை ஏற்றுங்கள். பிறகு ஸ்பேனரால் ஒரு இறுக்கு.

புல்லர் முனையிலும் இரண்டு ரகம். சதுர ஆக்சிலுக்குச் சின்ன முனை, ஆக்டாலிங்க், ஐசிஸ் என்ற, சதுரத்துக்குப் பதில் வரிப்பற்கள் உள்ள ஆக்சிலுக்கு அகல முனை. சின்னதை ஆக்டாலிங்கில் விட்டால் ஆக்சிலின் துளைக்குள் போய்விடும். அகலமானதைச் சதுரத்தில் வைத்தால் பழைய வாஷர் கதையேதான்.

செயினைப் பெரிய பல்சக்கரத்தில் போட்டுவிட்டுச் செய்யுங்கள். கிராங்க் திடீரென்று விடும்போது விரல் முட்டி நேராகப் பல்லில் போய் இடிக்கும்.

*

காட்டர் பின் (கிராங்கை ஆக்சிலோடு பிடித்துவைக்கும் ஆப்பு மாதிரியான பின்) போட்ட ரோட்ஸ்டருக்கு, அதாவது பழைய மாதிரி கனமான சைக்கிளுக்கு, இந்தப் புல்லர் எதுவும் ஆகாது. நட்டைப் பின் முனையோடு சமமாக வரும்வரை மட்டும் தளர்த்துங்கள், அப்போதுதான் சுத்தியல் அடியில் பின்னின் மரை மடங்காது. கிராங்குக்குக் கீழே தரையில் ஒரு இரும்புக் குழாயை நிறுத்தி, பின்னின் தலை குழாய்க்குள் விழுகிற மாதிரி வையுங்கள். தாங்கல் இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் ஆக்சில் பேரிங்கின் பால்களுக்குப் போய், அவை உருளும் கப்பில் குழி விழும். ஒரு கிலோ சுத்தியலால் ஒரே அடி. தட்டித் தட்டிப் பார்த்தால் முனை காளான் மாதிரி விரிந்து, அப்புறம் டிரில்தான்.

புதுப் பின் வாங்கப் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். இங்கிலாந்து மாதிரி வண்டிகளுக்கு 9.5 மி.மீ., ஐரோப்பிய வண்டிகள் சிலவற்றில் 9. மாட்டும்போது, முன்னால் நீட்டிய கிராங்கில் நட் மேலே இருந்தால் பின்னால் நீட்டியதில் கீழே இருக்க வேண்டும். மாறினால் இரண்டு பெடலும் ஒரே கோட்டில் நிற்காது. பின்னை நட்டால் இழுத்து உட்காரவைக்காதீர்கள். சுத்தியலால் உட்காரவைத்து, பிறகு நட்.

*

ஷிமானோ ஹாலோடெக் 2 என்ற கிராங்க் வகைக்குப் புல்லரே வேண்டாம். இடது பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியை அதற்கான பல்சாவியால் எடுத்து, 5 மி.மீ. போல்ட் இரண்டையும் மாற்றி மாற்றித் தளர்த்தி, நடுவிலுள்ள சின்னத் தடுப்புத் தகட்டைத் தூக்கிவிட்டால் இடது கிராங்க் வழுக்கிக்கொண்டு வரும். தகட்டை மறந்துவிட்டு ரப்பர் சுத்தியலைத் தூக்குகிறவர்கள்தான் அதிகம். திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளுக்கு இறுக்கம் 12–14 நியூட்டன் மீட்டர். மூடிக்கு விரல் இறுக்கம் போதும்.

*

மரை ஏற்கனவே போனவர்களுக்கு: மோட்டார் மெக்கானிக்கிடம் இருக்கும் இரண்டு கால் பேரிங் புல்லரைக் கிராங்கின் பின்புறம் கொக்கி போட்டு இழுக்கலாம். போல்ட் இல்லாமல் ஓட்டினால் தானே கழன்று வரும் என்பார்கள். வரும்தான், ஆனால் சதுர ஓட்டை உருண்டு போயிருக்கும். தூக்கி எறியப்போகிற கிராங்காக இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

சதுர ஆக்சிலைத் திரும்ப மாட்ட 35–50 நியூட்டன் மீட்டர். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லையென்றால், 20 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 20 கிலோ எடை தொங்குகிற அளவு அழுத்தம், கிட்டத்தட்ட 40 வரும். வாஷரைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.