ஜப்பான் துக்க வீட்டுல சாம்பிராணி எத்தனை தடவ போடணும்?

வணக்கம், சைதாமால இருக்கேன். எங்க மேனேஜரோட அம்மா தவறிட்டாங்க, நாளைக்கு சாயங்காலம் 6 மணிக்கு ட்சுயா (அடக்கத்துக்கு முந்தின ராத்திரி அஞ்சலி), புத்த முறைப்படி, அவர் எனக்கு எவ்வளவோ செஞ்சிருக்கார், கண்டிப்பா போகணும்.

கருப்பு-வெள்ளை கயிறு கட்டின கோடென் (துக்க வீட்டுக்குக் குடுக்கற பணம்) கவர்ல 5,000 யென் வெச்சாச்சு, புது நோட்டுங்கறதால நடுவுல ஒரு மடிப்பு மடிச்சு. துக்கம் விசாரிக்க "கோஷூஷோசாமா தெஸ்" சொல்லிப் பழகிட்டேன். மாட்டிக்கிட்டது அந்த சாம்பிராணித் தூள்லதான். யூடியூப்ல பாத்தா புத்த மதத்துல பிரிவுக்குப் பிரிவு மாறுது, ஷிங்கோன்னா மூணு தடவ, ஜோதோ ஷின்ஷூல ஹோங்கான்ஜி கிளைன்னா ஒரு தடவ, அதுவும் தூளை நெத்திக்குத் தூக்கக் கூடாதாம். ஆபீஸ்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்க, அவங்க குடும்பம் எந்தப் பிரிவுன்னு யாருக்கும் தெரியல, இந்த நேரத்துல அவர்கிட்டயே கேக்க மனசு வரல.

இங்க துக்கத்துக்குப் போய்வந்தவங்க சொல்லுங்க, பிரிவு தெரியாதப்போ எத்தனை தடவ போட்டீங்க?