'சப்ஸ்கிரிப்ஷன்' மென்பொருளைச் 'சந்தா மென்பொருள்' என்பது பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

விலையுயர்ந்த வணிக மென்பொருள்களுக்கு ஈடான கட்டற்ற மென்பொருள்களை (யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தருபவை) பட்டியலிடும் நம் பணியில், ஆண்டுதோறும் பணம் கட்டினால் மட்டுமே இயங்குபவற்றைச் 'சந்தா மென்பொருள்' என்று குறிக்கலாம் எனச் சென்ற மடலில் முன்மொழியப்பட்டிருந்தது. கூடவே 'கட்டற்ற' என்பதை 'இலவச' என மாற்றலாம் என்ற யோசனையும் வந்தது. இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். 2002இல் பிளெண்டர் என்னும் முப்பரிமாண வரைகலை மென்பொருளின் மூலநிரலை விடுவிக்க அதன் பயனர்கள் 1,00,000 யூரோ திரட்டிக் கொடுத்தார்கள். காசு கொடுத்துக் கட்டவிழ்த்த ஒன்றை இலவசம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

சந்தாவுக்கு வருகிறேன். வார இதழுக்குச் சந்தா கட்டத் தவறினால் அடுத்த இதழ் வராது, அவ்வளவுதான். பரணில் கட்டிவைத்திருக்கும் பழைய இதழ்களை யாரும் வந்து தூக்கிச் செல்வதில்லை. இந்த வகை மென்பொருளில் நடப்பது அதுவன்று. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் நண்பர் ஒருவரின் சிறிய அச்சகத்தில், ஒரு பக்கம் தமிழும் மறு பக்கம் மலையாளமுமாக ஒரு கல்யாணப் பத்திரிகை முடிந்து, முகூர்த்த நேரத்தை 10.30 என்பதிலிருந்து 9.00 என்று மாற்றுவது மட்டும் பாக்கியிருந்தது. பெண் வீட்டார் பெஞ்சில் காத்திருக்க, அன்று காலையோடு தவணை முடிந்துபோன வடிவமைப்பு மென்பொருள் பணம் கேட்கும் சாளரத்தைத் தவிர வேறெதையும் காட்ட மறுத்தது. கோப்பு அவருடைய வட்டில்தான் இருந்தது. அதைத் திறக்கும் உரிமைதான் அவரிடம் இல்லை. சரிபார்ப்பதற்காக முதல் நாள் அனுப்பிய பி.டி.எஃப். இருந்ததால், அதை இங்க்ஸ்கேப் என்னும் கட்டற்ற வரைகலை மென்பொருளில் திறந்து, அந்த ஒரு வரியை இரண்டு மொழியிலும் அழித்துப் புதிதாகத் தட்டி, ஒருவாறு அச்சுக்கு அனுப்பினோம்.

ஆகவே நான் முன்வைக்கும் சொல் 'குத்தகை மென்பொருள்'. பொருள் உடையவரிடமே இருக்கிறது, குறித்த காலத்துக்குப் பயன்பாடு மட்டும் நமக்கு, காலம் முடிந்தால் வரப்பைத் தாண்ட முடியாது என்னும் மூன்று செய்திகளையும் தமிழ் வாசகர் இந்தச் சொல்லிலிருந்தே எடுத்துக்கொள்வார். இந்த முறை எல்லாக் காலத்திலும் இருந்ததன்று. அடோபி நிறுவனம் 2013இல், தன் வடிவமைப்பு மென்பொருள்களின் புதிய பதிப்புகள் இனிச் சந்தா முறையில் மட்டுமே என்று அறிவித்தது. ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2016இல் தன் பெரும்பாலான மென்பொருள்களுக்குப் புதிய நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தியது. அதற்கு முன் பெட்டியில் வாங்கியதைக் 'கிரயம்' என்று எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். கூடாது. அப்போதும் கைமாறியது உரிமம்தானே தவிர, மென்பொருள் அன்று. அதற்கு 'நிரந்தர உரிமம்' என்பதே போதும்.

'வாடகை மென்பொருள்' இன்னும் எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழங்கியில் (சர்வரில்) இடம் எடுப்பதற்கு வாடகை என்ற சொல்லை நாம் ஏற்கனவே புழங்குகிறோம். ஒரே பட்டியலில் இரண்டும் வந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

குத்தகைக்கு எதிராக இரண்டு தடைகள் எனக்கே தோன்றுகின்றன. ஒன்று, குத்தகை நிலத்தில் விளைச்சல் உழுதவனுக்குச் சேரும். அச்சகத்தில் நாங்கள் கண்டதோ, நெல் களத்தில் கிடக்கக் களத்தையே பூட்டிய கதை. அந்த வகையில் இந்தச் சொல் நிறுவனங்களுக்குச் சற்றுத் தாராளமாகவே இடம் கொடுக்கிறது. இரண்டாவது தடை எங்கள் பகுதிக்கே உரியது. மலையாளத்தில் 'குத்தக' என்றால் ஏகபோகம். ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் மட்டுமே உள்ள தனியுரிம மென்பொருளைக் 'குத்தக சோஃப்ட்வேர்' என்றே அங்கு எழுதுகிறார்கள். நாம் குத்தகை என்பதை அவர்கள் 'பாட்டம்' என்பார்கள். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்துத் தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு மொழியையும் காதில் வாங்கி வளர்பவர்கள். கட்டற்ற மென்பொருள்களான லினக்ஸும் லிப்ரே ஆபிஸும் அவர்களுக்குப் பாடமாகவே வருகின்றன. அவர்களுக்கு இந்தச் சொல் இரண்டு பொருளில் ஒலிக்கும். (நிலக்குத்தகையே கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் சட்டப்படி ஒழிந்து, உழுத குடியானவருக்கே நிலம் உரிமையாயிற்று என்பதும் நினைவுக்கு வருகிறது. மென்பொருளில் நாம் எதிர்த்திசையில் நடந்துகொண்டிருக்கிறோம்.)

இரண்டாவது தடை சொல்லை ஒதுக்கும் அளவுக்குப் பெரிதன்று என்பது என் கருத்து. தனியுரிம மென்பொருள் எல்லாம் குத்தகை அன்று. ஆனால் குத்தகை மென்பொருள் எல்லாம் தனியுரிமமே. 'தனியுரிம' என்ற சொல்லைத் தலைப்பாக வைத்து, அதன் கீழ் 'நிரந்தர உரிமம்', 'குத்தகை' என்று இரண்டு பத்திகள் கொடுத்தால், மலையாளம் அறிந்தவரும் தடுமாற மாட்டார். 'குத்தகைக் காலம்', 'குத்தகை நீட்டிப்பு', 'குத்தகை முறிவு' எனக் கிளைச்சொற்களும் சிரமமின்றிப் பிறக்கின்றன. 'சந்தா முறிவு' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

தேவிகுளம், பீர்மேடு, செங்கோட்டைப் பக்கத்து நண்பர்கள் தங்கள் ஊரில் குத்தகையும் பாட்டமும் எந்தப் பொருளில் வழங்குகின்றன என்று எழுதினால், பட்டியலில் ஏற்றுவதற்கு முன் அந்தக் குறிப்பையும் சேர்த்துவிடலாம்.