தூரிகை பிடிக்கத் தெரிந்தவனுக்குச் சபையில் என்ன ஊழியம்?

கேள்வி: சுவரெழுத்து ஓவியர், திருநெல்வேலி மாவட்டம்

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 46. பதினாறு வயதில் தாய்மாமாவிடம் பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொண்டு, கடைப் பலகை, லாரி, பள்ளிக்கூடச் சுவர், தேர்தல் சுவர் என்று எழுதியே பல ஆண்டுகள் குடும்பத்தைக் காப்பாற்றினேன். ஃபிளெக்ஸ் வந்தபின் எழுத்து வேலை மெல்ல மெல்ல நின்றுபோனது. இப்போது வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். எப்போதாவது ஒரு பலகை எழுதக் கிடைக்கும்.

எங்கள் ஊர்க் கோயிலில் ஆல்டர் (பலிபீட) வளைவின் மேல் 'பரிசுத்த அலங்காரத்துடனே கர்த்தரைத் தொழுதுகொள்ளுங்கள்' என்ற வசனம் இருந்தது. முதலில் எழுதியவர் மாமா. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு இரண்டு முறை சுவரைச் சுரண்டி வெள்ளை அடித்தபோது நானே எழுதினேன். வளைவில் எழுதும்போது எழுத்தின் தலைப்பக்கம் விரியும், அடிப்பக்கம் நெருங்கும். 'தொழுதுகொள்ளுங்கள்' என்ற ஒரே சொல்லில் ழு, து, ளு மூன்றுக்கும் வால் கீழே இறங்குவதால், அவை ஒன்றோடொன்று முட்டாமல் இருப்பதற்காக நடுவில் ஆணி அடித்து, நூல் கட்டி, மூன்று முறை சாக்பீஸில் போட்டுப் பார்த்த பிறகுதான் பெயின்டைத் தொட்டேன். சென்ற முறை புதுப்பித்தபோது அந்த இடத்தில் கடையில் வெட்டிய அக்ரிலிக் எழுத்துகளை ஒட்டிவிட்டார்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது ஆண்டுக்கென்று வெளியிடும் வாக்குத்தத்த வசனமும் ஃபிளெக்ஸாகவே வருகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அது மலிவு, விரைவும்கூட.

ஆனால் என் தாலந்தை ஆண்டவருக்குக் கொடுக்க வேண்டும் என்ற பாரம் எனக்கு இருக்கிறது. சபையில் பெரியவர் ஒருவரிடம் சொன்னபோது, 'எழுதுவது தொழில், அதை ஊழியம் என்று சொல்ல முடியாது. வீடு சந்திப்புக்கு வந்து நாலு வார்த்தை பேசு' என்றார். எனக்குப் பேச வராது. எழுந்து ஜெபிக்கச் சொன்னாலே நா ஒட்டிக்கொள்ளும். படம் வரைவதும் எழுதுவதும் ஊழியம் ஆகுமா, ஆகும் என்றால் எங்கே தொடங்குவது என்று கேட்கிறேன். இன்னொன்றையும் கூச்சத்தை விட்டுக் கேட்கிறேன்: கோயில் வேலைக்குக் கூலி வாங்கலாமா?

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகர்கோவில்

தம்பி, யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தை நிதானமாக ஒருமுறை வாசியுங்கள். இஸ்ரவேலரின் ஆராதனைக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்காகப் பெசலெயேலைப் பேர்சொல்லி அழைத்து, அவனைத் தேவ ஆவியினால் நிரப்பியதாகக் கர்த்தர் மோசேயிடம் சொல்கிறார். பொன், வெள்ளி, வெண்கலத்தில் வேலை செய்யவும், இரத்தினம் பதிக்கவும், மரத்தில் சித்திர வேலை செய்யவும் அந்த ஆவி அவனுக்குக் கொடுக்கப்பட்டது. அவன் பிரசங்கம் செய்ததாக எங்கும் இல்லை. 35-ஆம் அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அவனுக்கும் உடன் வேலை செய்த அகோலியாபுக்கும் பிறருக்குப் போதிக்கும் வரமும் அருளப்பட்டது. உங்களிடம் பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொள்ள சபையில் யாராவது ஒரு பிள்ளை இருக்கிறதா என்று அதனால்தான் கேட்கிறேன்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் தொடங்குங்கள் என்பது என் கருத்து. நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதில் கதை சொல்லியிருக்கிறேன். முதலில் ஃபிளானல் துணி விரித்த பலகையில் அச்சிட்ட உருவங்களை ஒட்டிச் சொல்வோம். ஒரு வருடம் அந்தப் பெட்டி வந்து சேராததால், இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய சகேயுவின் கதையைக் கரும்பலகையில் வரைந்துகொண்டே சொன்னேன். எனக்கு ஓவியம் தெரியாது. காட்டத்தி மரத்தின் அடிமரத்தை மட்டும் போட்டுவிட்டு, சாக்பீஸ் ஒடிந்ததால் திரும்பி வேறொன்றை எடுக்கப் போனேன். அந்த அரை நிமிடத்தில் பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, 'டீச்சர், கிளை தாழ்வா போடுங்க, அவர் குட்டை, ஏற முடியாது' என்றான். படம் முடிந்திருந்தால் அவன் அதைச் சொல்லியிருக்க மாட்டான். அச்சுப் படம் பிள்ளைகளிடம் முழுமையாக வந்து சேர்கிறது. கண்முன் வளரும் படத்துக்குள் அவர்களே ஏறிக்கொள்கிறார்கள். தெரியாத என் கைக்கே இது நடந்தது என்றால், சுவரில் ஆள் உயர எழுத்தைக் கோடு தப்பாமல் இழுக்கத் தெரிந்த உங்கள் கைக்கு எவ்வளவு நடக்கும்! பேசும் வேலையை வேறொரு ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் வரைந்தால் போதும்.

பதில் 2: கீர்த்தனை ஆர்வலர், மதுரை

அண்ணன், 'தொழில், ஊழியம் அல்ல' என்ற பேச்சு புதிதல்ல. உங்கள் மாவட்டத்தில் பிறந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரை (1774–1864) எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதளவில் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரோடு தஞ்சைக்குச் சென்று அவருடைய அரவணைப்பில் வளர்ந்தவர். அக்காலத்தில் மக்கள் கூட்டம் கூடிப் பார்த்தது குறவஞ்சி நாடகம். குறத்தி கைபார்த்துக் குறி சொல்லும் ஆட்டம். அதைக் கோயிலுக்கு ஆகாதது என்று அவர் தள்ளிவிடவில்லை. அந்த வடிவத்தையே கையில் எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். சபையைத் தலைவியாகவும் கிறிஸ்துவைத் தலைவனாகவும் வைத்து, குறத்தியின் வாயில் நற்செய்தியை வைத்தார். அவருடைய கீர்த்தனைகள் பல அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் வெளியிட்ட தொகுப்பில் இடம்பெற்று, ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. இன்று எழுத்தறியாத பாட்டிமாரும் அவற்றைப் புத்தகம் பார்க்காமல் பாடுகிறார்கள்.

ஆனாலும் அவரை முழுமையான முன்மாதிரியாக நான் சொல்ல மாட்டேன். சபைக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்க முயன்ற பிற்கால மிஷனரிகளை எதிர்த்து அவர் எழுதினார். அது எனக்கு இன்றும் வருத்தம் தருவது. எந்தக் கலை கோயிலுக்குள் வரலாம், யாருடைய கலை வாசலில் நிற்க வேண்டும் என்ற கேள்வியின் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்த வேரில் கை வைத்தவர் மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியாபிலஸ் அப்பாவு. பரட்டை என்ற பெயரில் எழுதியவர், 2005-இல் மறைந்தார். கிராமத்து மக்களின் மெட்டையும் பேச்சையும் ஆராதனை முறைமைக்குள் கொண்டுவந்து, தலித் மக்களின் இசையால் கடவுளை ஆராதிக்கலாம் என்று பாடிக் காட்டினார். சாவுக்கு அடிப்பது என்று ஒதுக்கப்பட்ட பறை ஆல்டருக்கு முன்னால் ஒலிப்பதை மனம் ஏற்காதவர்கள் இன்றும் உண்டு. கடைத்தெருவில் எழுதிய கை என்பதால் உங்கள் கையைச் சற்றுத் தாழ்வாகப் பார்க்கும் பார்வையும் அந்த வகையைச் சேர்ந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்காக அந்தப் பெரியவரோடு வாதாட வேண்டாம். வேலையைச் செய்து காட்டுங்கள்.

பதில் 3: முன்னாள் சபைப் பொருளாளர், தூத்துக்குடி

கூலி பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தக் கணக்குகளைப் பார்த்தவன் நான். 2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தில், யோவாஸ் ராஜாவின் நாட்களில் ஆலயத்தைப் பழுதுபார்த்த தச்சருக்கும் கொத்தருக்கும் கல்தச்சருக்கும் காணிக்கைப் பெட்டியின் பணத்திலிருந்து கூலி கொடுத்தார்கள். வேலையை நடத்தியவர்கள் உண்மையாய் நடந்ததால் அவர்களிடம் கணக்குக்கூடக் கேட்கவில்லை. ஆகவே கூலி வாங்கினால் ஊழியம் கெட்டுவிடும் என்று வேதம் சொல்லவில்லை.

எங்கள் சபையில் நடந்த தவறு வேறு. ஓர் ஓவியரிடம் 'ஆண்டவருக்குச் செய்கிறீர்கள்' என்று சொல்லி ஞாயிறுபள்ளிச் சுவர் முழுவதும் வரையச் சொன்னோம். பெயின்ட் செலவைக்கூட அவரே போட்டிருக்கிறார் என்பது இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் மனைவி சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்திடமிருந்து ஒன்பது நாள் சம்பளத்தை நாங்கள் எடுத்திருந்தோம். நான் பொருளாளராக இருந்து அதைக் கேட்காமல் விட்டது என் குற்றம். நீங்கள் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: இந்த வேலை காணிக்கை, இந்த வேலைக்குக் கூலி, பொருள் செலவு எப்போதும் சபையுடையது. காணிக்கை என்று முடிவு செய்தால் மனதாரச் செய்யுங்கள். பிறகு அதை நினைத்து மனம் கசக்காத அளவுக்கே கொடுங்கள்.

வீடு சந்திப்புக்கு வா என்று பெரியவர் சொன்னதை முழுவதும் தள்ளிவிடவும் வேண்டாம். பேசாமல் உடன் போய்க் கேட்டுக்கொண்டு இருக்கலாம். யாருக்கு எது தேவை என்று அங்கேதான் தெரியவரும்.

பதில் 4: காது கேளாதோர் ஆராதனையில் உதவுபவர், பாளையங்கோட்டை

அண்ணன், மேலே எழுதியவர் சொன்ன 'தேவை' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். தாலந்து என்றால் திறமை என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். மத்தேயு 25-இல் வரும் உவமையில் எஜமான் தன் ஊழியக்காரருக்கு 'அவனவனுடைய திறமைக்குத்தக்கதாக' தாலந்துகளைக் கொடுக்கிறான். அப்படியானால் திறமை முன்பே அவனிடம் இருக்கிறது. தாலந்து என்பது அதை நம்பி ஒப்படைக்கப்பட்ட வேறொன்று. அந்தக் காலத்தில் அது எடை போட்ட வெள்ளி. உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது யார் என்று தேடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி மிஷனரிகள் காலத்திலிருந்து நடக்கிறது. அங்கே படித்து முடித்துச் சொந்த ஊருக்குத் திரும்புகிறவர்களில் பலர் ஞாயிறுதோறும் ஊர்க் கோயிலில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் எழுந்தால் எழுகிறார்கள், உட்கார்ந்தால் உட்காருகிறார்கள். சைகை தெரிந்தவர் எல்லாக் கோயிலிலும் இல்லை. இயேசு என்பதற்கு நடுவிரலால் இரண்டு உள்ளங்கையையும் மாறி மாறித் தொட்டுக் காட்டுவோம், ஆணித் தழும்பு. அது பிள்ளைக்கு உடனே புரியும். ஆனால் 'மன்னிப்பு', 'கிருபை' போன்றவற்றைக் கையால் சொல்லிப் புரியவைப்பது கடினம். வீட்டைவிட்டுப் போய்த் திரும்பி வந்த கெட்ட குமாரன் உவமைக்கு ஒருமுறை ஒரு மாணவி எனக்குப் படம் வரைந்து தந்தாள். எல்லாப் படங்களிலும் அப்பா வாசலில் கை நீட்டி நிற்பார். இவள் வரைந்த அப்பா ஓடி வந்தார், வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு செருப்பு பின்னால் கழன்று கிடக்க. அதைப் பார்த்த ஒரு நடுவயதுக்காரர் அந்தக் கழன்ற செருப்பின்மேல் விரலை வைத்து, பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவருக்கும் தகப்பனுக்கும் பேச்சு நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

அப்படிப்பட்ட படங்கள் எங்களுக்கு நிறைய வேண்டும். பெரியதாக, நான்கடி தூரத்தில் தெரியும்படி, கோடு தடிப்பாக, முகபாவம் தெளிவாக இருக்க வேண்டும். கீழே ஒரே வரி வசனம், நீங்கள் கோயில் வளைவில் எழுதியது போன்ற எழுத்தில் இருந்தால் போதும். உங்களுக்குப் பேச வராது என்றீர்கள். எங்கள் கூட்டத்தில் யாரும் உங்களைப் பேசச் சொல்ல மாட்டார்கள்.

கேட்டவரின் மறுமொழி

எல்லோருக்கும் நன்றி. நான்காவது பதிலை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு பெண் இருக்கிறாள். பதினெட்டு வயது இருக்கும். கோயிலில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருவாள். ஆல்டர் வளைவில் நான் வசனம் எழுதிய நாட்களில் சிறுமியாக வந்து கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவளுக்காக எதையும் வரையலாம் என்று இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தோன்றவே இல்லை.

ஆசிரியை அம்மா, மே மாதத்துக்கு எங்கள் ஓய்வுநாள் பள்ளிக் கண்காணிப்பாளரிடம் பெயர் கொடுத்துவிட்டேன். பொருளாளர் ஐயா சொன்னபடி, பெயின்ட் செலவைச் சபை ஏற்க வேண்டும் என்று கேட்டேன், சரி என்றார்கள். பாளையங்கோட்டைச் சகோதரருக்கு ஒரு கேள்வி: படத்தைச் சார்ட் தாளில் போட்டால் சுருட்டிச் சுருட்டிக் கிழிந்துவிடும். பழைய ஃபிளெக்ஸ் துணியின் வெள்ளையான பின்பக்கத்தில் பிரைமர் கொடுத்து எனாமலில் வரைந்தால் பல வருடம் தாங்கும், சுருட்டியும் கொண்டுபோகலாம். என்னிடம் வீட்டில் நாலைந்து துண்டு கிடக்கிறது. மூன்றடிக்கு இரண்டடி போதுமா, இன்னும் பெரியதாக வேண்டுமா என்று சொல்லுங்கள். சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை.

பதில் 4-ஐ எழுதியவர்

மூன்றுக்கு நான்கு வேண்டும், அண்ணன். முதல் படத்துக்கு மாற்கு 7-ஆம் அதிகாரம், காது கேளாதவனை இயேசு ஜனக்கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப் போகிற இடம். அந்தப் பெண்ணை உட்கார வைத்து, அவளிடம் காட்டிக் காட்டி வரையுங்கள். எங்கே புரியவில்லை என்று அவளே விரல் வைத்துச் சொல்வாள்.