வேர் சிகிச்சை முடிந்தது, இனி கேப்: நாற்காலிப் பக்கமும் லேப் பக்கமும் பார்த்தவை

பொதுப் பல் மருத்துவர்:

வேர் சிகிச்சையில் நரம்பை எடுத்த பல்லின் மேல் கேப் என்ற உறை போட வருகிறவர்கள் முதலில் கேட்பது மெட்டலா, சீரமிக்கா, ஜிர்கோனியாவா (வெள்ளையான, மிகக் கெட்டியான ஒரு பொருள்) என்றுதான். நாங்கள் முதலில் பார்ப்பது வேறு. சொத்தையை முழுக்க எடுத்தபின் ஈறுக்கு மேலே எவ்வளவு பல் மிஞ்சுகிறது? சுற்றிலும் 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு நல்ல பல் இருந்தால், வண்டிச் சக்கரத்தை இரும்புப் பட்டை பிடிப்பதுபோல கேப் அதைப் பிடித்துக்கொள்ளும். அது இல்லாமல் வெறும் அடைப்பின் மேல் போட்ட கேப், எவ்வளவு விலையானாலும் அடைப்போடு சேர்ந்து கழன்று வரும். போஸ்ட் (வேருக்குள் இறக்கும் சின்னக் கம்பி) வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். போஸ்ட் பல்லுக்கு வலு சேர்ப்பதில்லை, மேலே கட்டும் அடைப்பைத் தாங்குகிறது, அவ்வளவுதான். மிச்சம் போதாதபோது ஈறையும் எலும்பையும் கொஞ்சம் குறைத்துப் பல்லை வெளியே காட்டலாம். அதற்கும் வேர் நீளம் இடம் கொடுக்க வேண்டும்.

வேர் சிகிச்சை செய்த பல் காய்ந்துபோய் உடைகிறது என்பார்கள். காய்வது பெரிய காரணம் இல்லை. சொத்தை தின்றது பாதி, வேர்க்கால்வாய்க்கு வழி திறந்தது மீதி என்று நடுப்பகுதி போய்விட, கடைவாய்ப் பல்லின் இரண்டு சுவர்கள் தனித்தனியாக நிற்கின்றன. சீடையோ பாக்கோ கடிக்கும்போது அவை விரிகின்றன. பிளவு வேருக்குள் இறங்கிவிட்டால் அந்தப் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும். அதனால்தான் கடைவாய்ப் பல்லுக்குக் கேப்பைத் தள்ளிப்போடாதீர்கள் என்கிறோம். முன்பல்லுக்கு இந்த அவசரம் இல்லை. பல் பெரும்பாலும் மிஞ்சியிருந்தால் அடைப்பே போதும்.

வேர் சிகிச்சை நிபுணர்:

மேலே சொன்னதோடு ஒன்று. வலி நின்றதும் பலர் கேப்புக்கு வருவதே இல்லை. நாங்கள் மூடி அனுப்பும் தற்காலிக அடைப்பு சுமார் 4 மில்லிமீட்டர் கனம் இருந்தாலும் சில வாரங்களில் தேய்ந்து எச்சிலை உள்ளே விடும். அப்புறம் கால்வாய் மறுபடி கெட்டுப்போகும், வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து வருகிற பல்லில் இதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம்.

வேர் சிகிச்சை தேவையா என்று காட்டும் வலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த தண்ணீர் பட்டுச் சுரீர் என்று வந்து, சில நொடியில் அடங்கினால் நரம்பு பெரும்பாலும் பிழைக்கும். குளிரோ சூடோ பட்டபின் நிமிடக் கணக்கில் நீடித்தால், அல்லது இரவில் படுத்ததும் தானாக விண்விண் என்று தெறித்தால், பிழைக்காது. தட்டினால் வலிப்பது வேர் நுனிவரை போய்விட்டதன் அடையாளம். கடிக்கும்போது வலிக்காமல், கடியை விடும் நொடியில் சுருக்கென்றால் விரிசலைத் தேட வேண்டும். விரிசல் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது.

மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது இந்த நரம்பு வலியை நிறுத்தாது. கெட்டியான கூட்டுக்குள் வீங்கிய நரம்பில் ரத்த ஓட்டமே தடைபடும்போது மருந்து அங்கே எப்படிப் போய்ச் சேரும்? கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் ஒரு துளி தொட்டு, குழிக்குள் மட்டும் வைக்கலாம். ஈறிலோ கன்னத்திலோ பட்டால் தோல் வெந்துவிடும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்கிக்கொள்வதும் அப்படியே, சதை வெள்ளையாக வெந்துபோகும்.

பல் மருத்துவ உதவியாளர்:

கேப்புக்காகப் பல்லைச் சீவி அளவு எடுக்கும் நாளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சொதப்பல் பெரும்பாலும் அன்றுதான் நடக்கிறது.

நிறம் பார்ப்பது முதல் வேலை. ஊசி போட்டு, வாயைத் திறந்தே வைத்து, பல் உலர்ந்தபின் பார்த்தால் பல் வெளுத்துத் தெரியும், கேப்பும் வெளுப்பாக வந்துவிடும். உட்கார்ந்தவுடன், ஜன்னல் வெளிச்சத்தில், உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய நூல் சொருகி ஈறை விலக்கி, ரத்தமும் எச்சிலும் இல்லாமல் உலர்த்தினால்தான் சீவிய பல்லின் விளிம்பு, கேப் செய்யும் லேபுக்கு அனுப்பும் அச்சில் விழும். இன்னொன்று, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குத் தெரியாதது: அச்சு எடுக்க மாவுபோலப் பிசையும் சிலிகான் புட்டியை லேட்டக்ஸ் கையுறையோடு பிசையக் கூடாது. கையுறையிலுள்ள கந்தகம் புட்டியை இறுக விடாது. வினைல் அல்லது நைட்ரைல் போட்டுப் பிசையுங்கள்.

தற்காலிகக் கேப்பை அழகுக்கு என்று நினைத்துக் கழன்றதும் சும்மா விட்டுவிடுகிறார்கள். ஒரு வாரம் வெறும் பல்லாக இருந்தால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் இறங்கும். செய்துவந்த கேப் உட்காராது. கடலை மிட்டாய், சூயிங் கம் கூடாது. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுங்கள்.

லேப் டெக்னீஷியன்:

எங்களிடம் வருகிற அச்சில் விளிம்பு தெரியவில்லை என்றால் நாங்கள் ஊகித்துத்தான் கோடு போட வேண்டியிருக்கும். அந்த ஊகம் நோயாளியின் வாயில் இடைவெளியாகப் போய் நிற்கும். நல்ல லேப் அச்சைத் திருப்பி அனுப்பும். "மறுபடி அளவு எடுக்க வேண்டும்" என்று மருத்துவர் கூப்பிட்டால் கோபப்படாமல் போய் வாருங்கள்.

பொருள்கள்: மெட்டல் கேப்புக்குப் பல்லைக் குறைவாகச் சீவினால் போதும், உடையாது, கடைசிக் கடைவாய்க்கு நல்லது. சிலருக்கு நிக்கல் ஒவ்வாது, கவரிங் நகை போட்டால் அரிப்பு வருகிறவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். உலோகத்தின் மேல் சீரமிக் பூசியதற்கு மேற்புறம் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரை சீவ வேண்டும். அதில் சீரமிக் செதில் பெயரும், ஈறு இறங்கினால் கறுப்புக் கோடு தெரியும். ஜிர்கோனியாவைக் கட்டியிலிருந்து சுமார் 20 சதவீதம் பெரிதாகக் கடைந்து, 1,500 டிகிரி செல்சியஸ் அளவில் சுடுகிறோம், சுருங்கிச் சரியான அளவுக்கு வரும். எல்லா ஜிர்கோனியாவும் ஒன்றல்ல. முன்பல்லுக்கான பளிங்கு போன்ற வகை, கடைவாய்க்கான வகையைவிட வலு குறைந்தது. வாரண்டி அட்டை பார்க்கிறவர்கள் அது கேப்புக்குத்தான், அடியிலுள்ள பல்லுக்கு இல்லை என்பதையும் படிக்க வேண்டும்.

பொதுப் பல் மருத்துவர்:

பொருத்தும் நாள். ஒட்டுவதற்கு முன் மூன்று இடம் பார்க்கிறோம். பக்கத்துப் பல்லோடு தொடும் இடத்தில் ஃப்ளாஸ் ஒரு சொடுக்கோடு இறங்க வேண்டும். தளர்வாக இறங்கினால் கறி நாரும் கீரையும் தினமும் சிக்கும், அந்தக் கேப்பை லேபுக்குத் திருப்பி அனுப்புவதே சரி. விளிம்பில் ஊசிமுனை தட்டக் கூடாது. மூன்றாவது கடி.

மரத்த வாயோடு கடித்தால் உயரம் தெரியாது. மறுநாள்தான் "அந்தப் பல் மட்டும் முதலில் படுகிறது" என்று தெரியும். பழகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள், கார்பன் தாள் வைத்துத் தேய்ப்பது ஐந்து நிமிட வேலை. நரம்பெடுத்த பல் எப்படி வலிக்கும் என்று கேட்பார்கள். எடுத்தது பல்லுக்குள் இருந்த நரம்பு. வேரை எலும்போடு கட்டிவைத்திருக்கும் நாரில் உணர்ச்சி அப்படியே இருக்கிறது, உயரமான கேப் அதைத்தான் அடிக்கிறது. ஜிர்கோனியாவைத் தேய்த்தால் கட்டாயம் பாலிஷ் போடச் சொல்லுங்கள். சொரசொரப்பாக விட்டால் எதிர்ப் பல்லை அராவிவிடும்.

சிமென்ட் மிச்சம் ஈறுக்குள் தங்கினால் ஈறு சிவந்து, துலக்கும்போது ரத்தம் வரும். ஒரு வாரம் தாண்டியும் அப்படி இருந்தால் திரும்பப் போய்க் காட்டுங்கள். முதல் 24 மணி நேரம் அந்தப் பக்கம் கெட்டியானது கடிக்காதீர்கள்.

வேர் சிகிச்சை நிபுணர்:

கேப் சொத்தையாகாது, கேப் முடிகிற விளிம்பில் பல் சொத்தையாகும். நரம்பில்லாததால் வலிக்காது, அதனால்தான் தாமதமாகத் தெரிகிறது. பிரஷ்ஷை ஈறோரம் 45 டிகிரி சாய்த்து விளிம்பைத் துலக்குங்கள், இடுக்குக்கு ஃப்ளாஸோ இடைப் பல் பிரஷ்ஷோ தினமும் ஒரு முறை.

பல் மருத்துவ உதவியாளர்:

கேப் கழன்றால் ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம். கோணலாக ஒட்டி, அதை எடுக்கும்போது பல்லே உடைந்த கேப்புகள் நாற்காலிக்கு வந்திருக்கின்றன. கழுவி, சின்ன டப்பாவில் போட்டு ஓரிரு நாளில் எடுத்துவாருங்கள். உள்ளே பல் துண்டு ஒட்டியிருந்தால் சுரண்டாதீர்கள், ஏன் கழன்றது என்பதை அதுதான் காட்டும். விழுங்கிவிட்டால் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். விழுங்கிய பிறகு இருமல் நிற்காமல் வந்தாலோ மூச்சு இழுத்தாலோ நெஞ்சு எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். தாடைக்கு அடியில் வீக்கம் பரவி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கக் கஷ்டப்பட்டால் அப்போதும் பல் மருத்துவமனைக்கு அப்பாயின்ட்மென்ட் கேட்டுக் காத்திருக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.