ஏலக்காய் வியாபாரத்துக்கு பிக் டேட்டா தேவையா? டேட்டா சயன்ஸ் குழுக்களில் கேட்டால் பிரயோஜனம் உண்டா?

போடி_கமிஷன்கடை:

எல்லாருக்கும் வணக்கம். போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம், அப்பா ஆரம்பித்த கடை. ஏலத்தில் எடுத்து, சலித்து, ஆள் வைத்துத் தரம் பிரித்து டெல்லி, கான்பூர் பார்ட்டிகளுக்கு அனுப்புகிறோம். கணக்கு முழுக்க டேலியில் இருக்கிறது, அதற்கு முந்தையது பேரேட்டில்.

போன வாரம் ஒரு கம்பெனி ஆட்கள் லேப்டாப்போடு வந்தார்கள். பிக் டேட்டா அனலிட்டிக்ஸ், கிளவுட், டேஷ்போர்டு, அடுத்த பதினைந்து நாள் விலையை முன்கூட்டியே சொல்லும் ஏஐ, எல்லாம் சேர்த்து வருஷச் சந்தா லட்சத்தைத் தாண்டுகிறது. டெமோவில் அவர்கள் கணித்த கோடு நிஜ விலைக் கோட்டின் மேலேயே ஒட்டிப் போகிறது, 97 சதவீதம் துல்லியமாம். எனக்குக் கொஞ்சம் ஆசை வந்துவிட்டது. அப்பா மட்டும், "நாளைக்கு புத்தடி ஏலத்தில் என்ன விலை போகும் என்று தெரிந்தவன் காய் வாங்கிப் போடாமல் எதுக்கு சாப்ட்வேர் விற்கிறான்" என்று கேட்டுவிட்டு எழுந்து குடோனுக்குப் போய்விட்டார்.

நான் பி.காம். எக்செல் நன்றாக வரும், பைத்தான் யூடியூப் பார்த்துக் கொஞ்சம் பழகியிருக்கிறேன். இதை வாங்கலாமா, இல்லை நானே கற்றுக்கொண்டு செய்துகொள்ள முடியுமா? கேகிள் மாதிரி டேட்டா சயன்ஸ் குழுக்களில் சேர்ந்தால் எங்களைப் போன்ற கடைக்காரர்களை யாராவது மதித்துப் பதில் சொல்வார்களா? எங்கள் பழைய பில் விவரங்களை அப்படியே அங்கே போட்டு உதவி கேட்கலாமா என்றும் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை_காரன்:

தம்பி, நான் கொச்சியில் சில்லறை வியாபார அனலிட்டிக்ஸ் பக்கம் வேலை பார்க்கிறேன். முதலில் அளவைப் பேசிவிடுவோம். மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டு தளத்தில் ஒவ்வொரு ஏலத்துக்கும் ஒரு வரிதான் போடுகிறார்கள்: தேதி, ஏலம் நடத்துபவர், எத்தனை லாட், வந்த எடை, விற்ற எடை, உச்ச விலை, சராசரி விலை. நாளுக்கு இரண்டு ஏலம், வருஷத்துக்கு முந்நூறு நாள் என்று தாராளமாகவே வைத்தாலும் பத்து வருஷத்துக்கு ஆறாயிரம் வரி வரும். எக்செல்லில் ஒரு ஷீட்டில் 10,48,576 வரி கொள்ளும். உங்கள் பில்களையும் சேர்த்து அதில் போட்டாலும் முக்கால்வாசி காலியாகக் கிடக்கும். பிக் டேட்டா என்ற பேச்சுக்கு அடிப்படையான மேப்ரெட்யூஸ் கட்டுரையைக் கூகுள் 2004-ல் வெளியிட்டதும், அதை ஒட்டி 2006-ல் ஹடூப் மென்பொருள் வந்ததும், இணையம் முழுவதையும் ஆயிரக்கணக்கான கணினிகளில் பிரித்துப்போட்டு அலச வேண்டியிருந்தவர்களுக்காக. போடி கடைக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது, அதனால் அதற்கான தீர்வும் வேண்டியதில்லை.

அந்த ஒட்டிப் போகிற கோடு இருக்கிறதே, அதுதான் இந்தத் தொழிலில் ரொம்பப் பழைய வித்தை. இன்றைய விலை நேற்றைய விலைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நேற்றைய விலையை அப்படியே ஒரு நாள் தள்ளி வரைந்தால், படத்தில் பார்க்க இரண்டு கோடும் ஒன்றாகத்தான் தெரியும். உற்றுப் பார்த்தால் விலை திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் அவர்கள் கோடு ஒரு நாள் தாமதமாகத் திரும்பும். நீங்கள் காசு கொடுப்பது அந்தத் திருப்பத்தை முன்னாடியே தெரிந்துகொள்ளத்தானே! அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பதினைந்து நாளுக்கு முந்தைய விலையே இன்றைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் எத்தனை ரூபாய் தவறும், உங்கள் மாடல் சொன்னால் எத்தனை ரூபாய் தவறும்?" சதவீதத்தில் பதில் சொல்ல விடாதீர்கள். கிலோ 2,500 ரூபாய் போகும்போது 97 சதவீதத் துல்லியம் என்றால் 75 ரூபாய் பிசகு. உங்கள் கிலோ மார்ஜின் அதைவிடக் கம்மி என்றால் அந்தத் துல்லியத்தை வைத்து என்ன செய்வது?

இன்னொன்றும் விசாரியுங்கள். சோதனைக்கு எந்தக் காலத்து டேட்டாவை ஒதுக்கினார்கள்? பத்து வருஷத்தையும் சீட்டு கலைப்பது மாதிரி கலைத்து, அதில் இருந்து ஐந்தில் ஒரு பங்கைச் சோதனைக்கு எடுத்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. செவ்வாய்க்கிழமை விலையை ஊகிக்கிற மாடலுக்குத் திங்களும் தெரியும், புதனும் தெரியும். போன வருஷம் வரைக்கும் கற்றுக்கொடுத்து, இந்த வருஷத்தை மறைத்து வைத்துச் சோதித்தார்களா என்று பாருங்கள்.

வண்டன்மேடு_ஸ்டோர்:

கம்ப்யூட்டர் விஷயம் மேலே எழுதிய அண்ணன் சொல்லிவிட்டார், நான் காய் விஷயம் சொல்கிறேன். எங்களுக்குப் பூர்வீகம் உத்தமபாளையம், தோட்டம் வண்டன்மேட்டுப் பக்கம்.

ஸ்பைசஸ் போர்டு டேபிளில் "வந்த எடை" என்று இருப்பதை வரத்து என்று எடுத்துக்கொண்டால் தொலைந்தீர்கள். தோட்டத்திலிருந்து புதிதாக வருகிற காயும், ஒருமுறை ஏலத்தில் வாங்கித் திரும்ப ஏலத்துக்கே கொண்டுவருகிற காயும் அதில் ஒன்றாகத்தான் கிடக்கிறது. இந்த ரீபூலிங் பற்றி விவசாயிகள் எத்தனை வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறோம், உங்களுக்குத் தெரியாததா. மெஷினுக்கு அது தெரியாது. எடை கூடியிருக்கிறது, ஆக மகசூல் கூடியிருக்கிறது என்று கணக்குப் போடும். சராசரி விலையும் அப்படித்தான். இன்றைக்கு எட்டு எம்எம் போல்ட், அதாவது பெரிய காய் நிறைய வந்தால் சராசரி ஏறும், நாளைக்குச் சின்னக் காயும் பிளந்த காயும் வந்தால் இறங்கும், மார்க்கெட் ஒரு அடிகூட நகர்ந்திருக்காது. லிட்டர் வெயிட் (ஒரு லிட்டர் காயின் எடை), நிறம், ஈரம் இதெல்லாம் அந்த டேபிளில் ஒரு காலத்திலும் கிடையாது. அது சாம்பிளைக் கையில் வைத்துப் பார்க்கிற உங்கள் அப்பா கண்ணில்தான் இருக்கிறது.

அப்புறம் 2019. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கியில் மண் சரிந்து செடி அழுகிப் போனது, அடுத்த கோடையில் மழையே இல்லை, 2019 ஆகஸ்டில் புத்தடியில் உச்ச விலை கிலோ 7,000 ரூபாய் போனது. அதைப் பார்த்து ஊரெல்லாம் புதுச் செடி நட்டார்கள். 2022-ல் சராசரி ஆயிரத்துக்கும் கீழே வந்து, பறிப்புக் கூலிக்கும் உரத்துக்கும் கட்டாமல் தோட்டத்தை அப்படியே விட்டவர்களும் உண்டு. பத்து வருஷ டேட்டா என்கிறீர்கள், அதில் இந்த மாதிரி ஏற்ற இறக்கம் எத்தனை தடவை வந்திருக்கிறது? மிஞ்சிப்போனால் இரண்டு. ரெண்டை வைத்துக்கொண்டு மெஷின் என்னத்தைக் கற்றுக்கொள்ளும்? குவாத்தமாலாவில் இந்த வருஷம் காய் எப்படி என்று தெரியாமல் இங்கே யாரும் விலை சொல்ல முடியாது, வழக்கமாக உலகத்திலேயே அதிகம் விளைவது அங்கேதான். டெமோவில் குவாத்தமாலா என்ற பெயராவது வந்ததா?

போடி_கமிஷன்கடை:

வரவில்லை அண்ணே. வானிலை எடுக்கிறோம் என்றார்கள், எந்த ஊர் வானிலை என்று கேட்டதற்குத் தேனி என்றார்கள். காய் விளைவது மலைக்கு மேலே, மழைநிழலில் இருக்கிற தேனி மழையை வைத்து என்ன செய்வது என்று அப்போதே தோன்றியது. சரி, வாங்குவதை நிறுத்தி வைக்கிறேன். குழுக்கள் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

கூடலூர்_மகள்:

கம்பம் பக்கத்துக் கூடலூர்தான், நீலகிரி இல்லை. இப்போது சென்னையில் டேட்டா சயன்டிஸ்ட் வேலை.

தம்பி, கேகிளில் சேருங்கள், ஆனால் என்ன எதிர்பார்த்துச் சேர்கிறோம் என்று தெரிந்துகொண்டு சேருங்கள். டேட்டா சயன்ஸ் போட்டிகள் நடக்கிற தளம் அது, 2010-ல் ஆரம்பித்தது, 2017-ல் கூகுள் வாங்கியது, இலவசம். அங்கே போட்டிக்கு வருகிற டேட்டா பெரும்பாலும் யாரோ மெனக்கெட்டுச் சேர்த்து, எதைக் கணிக்க வேண்டும் என்றும் தீர்மானித்துக் கொடுத்தது. உங்கள் கஷ்டம் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. டேலியில் "எட்டு எம்எம்" என்று ஒரு இடத்திலும் "8 போல்ட்" என்று இன்னொரு இடத்திலும் இருப்பதை எந்தப் போட்டியும் சொல்லித் தராது. ஆனாலும் பிறர் அங்கே எழுதி வைத்திருக்கிற நோட்புக்குகளை (குறிப்போடு கூடிய புரோகிராம்) வரி வரியாகப் படிப்பதைப் போல ஒரு படிப்பு வேறு எங்கும் இல்லை.

உங்களுக்கு நேராகப் பயன்படுவது கேகிளில் 2020-ல் நடந்த எம்5 போட்டி. வால்மார்ட்டின் 10 கடைகள், 3,049 பொருட்கள், அடுத்த 28 நாள் விற்பனையைக் கணிக்க வேண்டும். ஜெயித்தது லைட்ஜிபிஎம் என்ற மெஷின் லேர்னிங் முறையை வைத்துச் செய்த மாடல், அதைத்தான் எல்லாரும் பேசுவார்கள். யாரும் பேசாத சங்கதி, கலந்துகொண்ட ஐயாயிரத்துச் சொச்சம் அணிகளில் எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூத்திங் என்ற பழைய முறையைத் தாண்டியவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பழைய முறையை எக்செல்லிலேயே போடலாம், அண்மைக் கால விலைக்குக் கூடுதல் கனம் கொடுத்து எடுக்கிற சராசரி, அவ்வளவுதான். யார் என்ன விற்க வந்தாலும் முதலில் இதை ஜெயிக்கச் சொல்லுங்கள்.

பில் டேட்டாவைப் பொதுவில் போடவே போடாதீர்கள். பெயரை அழித்துவிட்டால் போதும் என்று நினைப்பீர்கள். நெட்ஃபிளிக்ஸ் 2006-ல் பத்து லட்சம் டாலர் போட்டிக்காகச் சுமார் ஐந்து லட்சம் பேர் படங்களுக்குக் கொடுத்த மதிப்பீடுகளைப் பெயர் நீக்கித்தான் வெளியிட்டது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த அரவிந்த் நாராயணன், விட்டாலி ஷ்மாட்டிகோவ் இருவரும் அதை ஐஎம்டிபி சினிமா தளத்தோடு ஒப்பிட்டுச் சிலரை ஆள் இன்னார் என்று அடையாளம் கண்டுவிட்டார்கள். வழக்கு வந்து, 2010-ல் இரண்டாவது போட்டியையே கைவிட்டார்கள். போடியில் தேதியும் எடையும் விலையும் இருந்தால் அது யார் வாங்கிய லாட் என்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள், ஆராய்ச்சியாளர் எதற்கு! விவசாயிகளின் போன் நம்பரும் வங்கிக் கணக்கும் வேறு அதில் இருக்கும், 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நினைவில் வையுங்கள். உதவி கேட்க வேண்டுமென்றால் ஸ்பைசஸ் போர்டு பொது டேபிளையே இறக்கி அதை வைத்துக் கேளுங்கள், இல்லையென்றால் இருபது வரி பொய் டேட்டா உருவாக்கிக் கேளுங்கள். புரோகிராம் சந்தேகம் கேட்கிற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் அப்படிக் கேட்டால்தான் பதிலும் ஒழுங்காக வரும்.

சென்னையில் சென்னைபை என்று பைத்தான் ஆட்கள் மாதந்தோறும் கூடுகிறார்கள். அரசாங்க டேட்டாவைத் தேடிப் பிடித்துச் சுத்தம் செய்கிறவர்கள் டேட்டாமீட்டில் இருக்கிறார்கள், 2011-லிருந்து நடக்கிறது, மழை, மாவட்ட எல்லை மாதிரி விஷயங்களுக்கு அங்கே கேட்கலாம். இந்த இடங்களில் "ஏலக்காய் விலையை எப்படிக் கணிப்பது" என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு லிங்க் போட்டுவிட்டுப் போவார்கள். "ஒரே நாளில் இரண்டு ஏலம், இரண்டுக்கும் எடை வேறு, சராசரியை எப்படிச் சேர்ப்பது" என்று கேட்டுப் பாருங்கள், சண்டை போட்டுக்கொண்டு பதில் சொல்வார்கள். கடைக்காரர் என்று யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். நிஜமான வியாபாரக் கேள்வியோடு வருகிற ஆள் அங்கே அபூர்வம்.

செங்கோட்டை_ரைஸ்மில்:

எல்லாரும் வேண்டாம் வேண்டாம் என்கிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். எங்கள் மில்லில் இருந்து புனலூர், கொல்லம் பக்கம் அரிசி போகிறது. சின்னதாக ஒரு டேஷ்போர்டு வாங்கினோம். விலை கணிப்பு எல்லாம் இல்லை, டேலியிலிருந்து எடுத்து யார் எத்தனை நாள் பாக்கி என்று காட்டும், அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகுதான் நல்ல பார்ட்டி என்று நாங்கள் தூக்கி வைத்திருந்த ஒருவர் வருஷா வருஷம் நாள் கூட்டிக்கொண்டே போவது தெரிந்தது. கிலோவுக்கு ஐம்பது பைசா அதிகம் கொடுக்கிறார் என்று சந்தோஷப்பட்டோம், வட்டி கட்டினது அதைவிட அதிகம். பிக் டேட்டாவும் இல்லை, ஒரு புண்ணாக்கும் இல்லை, ஆனால் காசு மிச்சம். விலையைத் துரத்துவதற்கு முன்னால் வசூலைப் பாருங்கள் தம்பி.

கொழிஞ்சாம்பாறை_காரன்:

ரைஸ்மில் அண்ணன் சொல்வதுதான் சரி. என்னைக் கேட்டால் பார்ட்டி வாரியாக வசூல் நாள், லாட் வாரியாகக் கழிவு, இந்த இரண்டையும் பார்த்த பிறகு விலைக்குப் போகலாம். இரண்டும் உங்கள் கையில் மட்டுமே இருக்கிற டேட்டா, எந்தக் கம்பெனியாலும் வெளியிலிருந்து வாங்க முடியாது.

போடி_கமிஷன்கடை:

நன்றி அண்ணே, அக்கா. கழிவு விஷயம் யோசித்துப் பார்த்தேன். ஏலத்தில் எடுத்த லாட்டை ஒன்றாகக் கொட்டித்தான் சலிக்கிறோம், எந்த லாட்டில் எவ்வளவு போல்ட் வந்தது, எவ்வளவு கழிந்தது என்று தனியாக எழுதி வைக்கும் வழக்கமே இல்லை. தரம் பிரிக்கிற அக்காமாருக்கு எடைக்குத்தான் கூலி, எழுதச் சொன்னால் வேலை கெடும் என்பார்கள். இதற்கு என்ன வழி?

வண்டன்மேடு_ஸ்டோர்:

அவர்களை எழுதச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு கிலோவைத் தனியாக எடுத்துச் சலித்து நிறுத்துப் பாருங்கள், மேஸ்திரி ஒருவர் போதும். லாட் நம்பர், லிட்டர் வெயிட், எட்டுக்கு மேல் எவ்வளவு, ஏழு எவ்வளவு, பிளந்தது எவ்வளவு, எடுத்த விலை. நாங்கள் ஸ்டோரில் காய வைத்து எடுக்கும்போது இப்படித்தான் பார்க்கிறோம். ஒரு சீசன் எழுதினால் எந்தப் பக்கத்துக் காய்க்குக் கூடக் கொடுத்து எடுத்தீர்கள் என்று தெரிந்துவிடும். ஆனால் சாம்பிளை மூட்டையின் மேலாக அள்ளாதீர்கள், சின்னக் காய் அடியில் இறங்கிக் கிடக்கும், நடுவிலும் அடியிலும் கை விட்டு எடுங்கள்.

கூடலூர்_மகள்:

அதோடு அப்பாவை ஏலத்துக்கு முன்பே சாம்பிளைப் பார்த்து "இது இத்தனை ரூபாய்க் காய்" என்று ஒரு விலை சொல்லச் சொல்லி அதையும் ஷீட்டில் ஒரு தனி நெடுவரிசையாகப் போட்டு வையுங்கள். பிறகு எந்த மாடல் வந்தாலும் ஸ்மூத்திங்கோடும் அவரோடும் சேர்த்துப் போட்டிக்கு விடலாம். ஷீட் தயாரானதும் தலைப்பு வரியை மட்டும் இங்கே போடுங்கள், உள்ளே இருப்பது வேண்டாம், பார்த்துச் சொல்கிறேன்.