சிறைப்பட்ட இளையோரின் நாய்ப் பயிற்சித் திட்டங்களுக்கு எவ்வகை உதவி பயன்படும்?

ஒரிகன்வாசி:
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்துக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள உட்பர்ன் நகரின் மெக்லாரன் இளையோர் சீர்திருத்த மையத்தில், ஜோன் டால்டன் என்ற கல்வியாளர் 1993இல் தொடங்கிய ‘புராஜெக்ட் பூச்’ பற்றி அண்மையில் படித்தேன். காப்பகங்களில் கேட்பாரற்றுக் கிடந்த நாய்களைத் தண்டனைக் காலத்தில் இருக்கும் இளைஞர்கள் பழக்கி, நல்ல வீடுகளுக்கு அனுப்பிவைக்கும் முயற்சி அது. ஆண்டுதோறும் அறப்பணிக்கு ஒதுக்கும் தொகையை இம்முறை இத்தகைய திட்டம் ஒன்றுக்கு வழங்க எங்கள் குடும்பம் விரும்புகிறது. பணமாகக் கொடுப்பதா, தீவனமும் படுக்கையுமாக வாங்கிக் கொடுப்பதா? குற்றம் செய்த பிள்ளைகளுக்கு எதற்கு உதவி என்று என் மாமனார் கேட்கிறார். அவருக்கும் தக்க விடை சொல்ல வேண்டும்.

காப்பகத் தொண்டர்:
வணக்கம் அம்மா. இன்னதற்குத்தான் செலவிட வேண்டும் என்ற நிபந்தனை இல்லாத பணமே முதன்மையானது என்பேன். பண்டிகைக் காலத்தில் பொம்மைகளும் போர்வைகளும் குவிந்துவிடும். ஆனால் பயிற்றுநரின் ஊதியம், தடுப்பூசி, கருத்தடை அறுவை, குடற்புழு நீக்கம், கெட்டுப்போன பல்லைப் பிடுங்குவது ஆகியவற்றுக்கு ஆள் கிடைப்பதில்லை. தீவனத்திலும் ஒரு சிக்கல் உண்டு. புதிய தீவனத்தைப் பழையதுடன் சிறிது சிறிதாகக் கலந்து, ஏறத்தாழ ஒரு வாரம் எடுத்துக்கொண்டுதான் மாற்ற வேண்டும். ஆளுக்கொரு வகை மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினால், ஏற்கெனவே இடம் மாறி அச்சத்தில் இருக்கும் நாய்க்கு வயிற்றுப்போக்கு வந்துவிடும், அதன் கூண்டைக் கழுவுவதிலேயே அந்தப் பையனின் பயிற்சி நேரம் கரைந்துபோகும். ஆகவே பொருளாகத்தான் கொடுப்பது என்றால், எந்த வகைத் தீவனம் என்று கேட்டறிந்து, அதையே மாதந்தோறும் அனுப்புங்கள். ஒருமுறை தரும் பெருந்தொகையைவிட மாதந்தோறும் தவறாமல் வரும் சிறுதொகையை நம்பித்தான் அவர்களால் அடுத்த நாயை ஏற்க முடியும்.

சட்டம் பயில்பவர்:
தங்கள் மாமனாரின் கேள்வி நேர்மையானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தில் சாண்ட்ரா மெரியம் செய்த ஆய்வு, புராஜெக்ட் பூச்சில் பங்கேற்று வெளியேறியவர்களுள் தாம் ஆராய்ந்த எவரும் மீண்டும் குற்றவழக்கில் சிக்கவில்லை என்று கண்டது. இதை அவரிடம் சொல்லலாம். ஆயினும், இத்திட்டங்களில் தாமாக விரும்பி விண்ணப்பித்து, நன்னடத்தை பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே சேர்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாற்றம் முழுவதும் நாயால்தான் வந்தது என்று அதைக் கொண்டு நிறுவ முடியாது. எனக்கு உறுதியாகப் படுவது வேறொன்று. ஒரிகனில் இளையோர் சீர்திருத்த மையங்களில் 25 வயது வரை இருக்கலாம். அதற்குள் அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம்மிடையே வாழத் திரும்பி வரத்தான் போகிறார்கள். கைநீட்டினாலே பதுங்கும் நாயிடம் அடிக்காமல், அதட்டாமல், அது தானாக ஓரடி முன்வரும் கணத்தில் தின்பண்டத் துணுக்கைக் கொடுத்து நாள்கணக்கில் காத்திருக்கக் கற்றவர், அண்டை வீட்டில் குடியேறுவதையே நான் விரும்புவேன். 1981இல் வாஷிங்டன் மாநிலப் பெண்கள் சிறையில் பாலின் குவின் என்பவர் இத்தகைய முயற்சியைத் தொடங்க உதவியபோதும் அதன் அடிப்படை இதுதான்.

கால்நடை மருத்துவர்:
மேலே எழுதியவர்களுடன் உடன்படுகிறேன். பணத்தைத் தாண்டிய கொடையும் உண்டு. என்னைப் போன்றவர்கள் மாதத்தில் ஒரு நாள் சென்று இலவசமாகச் சோதனை செய்யலாம். அப்போது நாயின் ஈறு, காது, எடை ஆகியவற்றைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தால், விடுதலைக்குப் பின் அது அவர்களுக்கு ஒரு தொழிலாகவும் ஆகக்கூடும். முடி திருத்தும் நிலையமோ நாய் விடுதியோ நடத்துபவர்கள், வெளியே வரும் ஒருவருக்கு வேலை தருவதை நான் எல்லாக் கொடையிலும் பெரிதாக மதிக்கிறேன். அந்த நாய்களைத் தத்தெடுப்பவர்களும் கொடையாளர்களே. வீட்டிற்கு வந்தபின் நாய் எப்படி இருக்கிறது என்று திட்ட அலுவலர் வழியாக இரண்டு வரி எழுதி அனுப்பினால், அதைப் பயிற்றிய இளைஞருக்குப் போய்ச் சேரும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே வேண்டிக்கொள்கிறேன்: நேரில் செல்ல நேர்ந்தால், எந்த இளைஞரிடமும் அவர் செய்த குற்றத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், முகம் தெரியும்படி படம் எடுக்காதீர்கள். நாயைப் பற்றிக் கேளுங்கள். அதற்குத் தயங்காமல் பதில் வரும்.